சாவித்துவாரம் வழியாக வீடு திரும்பியவள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊருக்கு அவர் ‘மூணு இழுப்பு’. எந்தக் கதவைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு பூட்டின் மேல் சந்தேகம், இரண்டாவது சாவியின் மேல், மூன்றாவது தன் மேலேயே. அதற்கப்புறமும் பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பார்.

தொழில் பூட்டு ரிப்பேர். செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, அலமாரியை நிமிர்த்தி வைத்தது போல ஒரு கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் ஒருவர் மூச்சை விடும்போது இன்னொருவர் இழுக்க வேண்டும். சுவர் முழுக்கப் பூட்டுகள். நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பழைய இரும்புப் பூட்டு, அலங்காரத்துக்காக. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கதவு திறந்து கொடுத்தவர், ஒரு பூட்டைக்கூட உடைத்ததில்லை. “உடைக்கிறது சுத்தியல் வேலை, என் வேலை இல்ல” என்பார். பெருமை என்று அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணை விட்டுவிட்டு வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்து, “இது ஒரு நிமிஷம் தாங்காதுங்களே” என்று சொன்னால் யார் பெண் கொடுப்பார்கள்?

மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டுக்குக் குடி வந்தார். வந்த அன்றே கதவுக்கடியில் ரப்பர் பட்டை அடித்தார், ஜன்னலுக்கெல்லாம் தன் கையால் கொக்கி போட்டார். புதுப் பூட்டு பொருத்தி, திருகாணித் தலைகளை அரத்தால் மழமழவென்று ராவிவிட்டார், எந்தத் திருடனும் திருப்புளியை வைக்க முடியாதபடி. ராத்திரி படுக்கும்போது சாவியை உள்பக்கமாகத் துவாரத்திலேயே விட்டு, கால் திருப்பு திருப்பி வைப்பார். அப்படி வைத்தால் வெளியிலிருந்து கம்பியே நுழையாது. கொசுகூட அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டில் யாரோ அவருடைய குறுக்கெழுத்தை நிரப்பினார்கள்.

காலையில் பேப்பரில் பென்சிலால் போடுவார். ஐந்தாறு கட்டம் தெரியாமல் விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். ஏழு மணிக்குத் திரும்பினால் எல்லாம் மையால் நிரப்பியிருக்கும். குண்டு குண்டான, படித்த கையெழுத்து. அவர் தப்பாகப் போட்டதை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சரியானதும் எழுதியிருக்கும். வீட்டுக்குள் ஆள் வந்ததைக்கூட அவர் மன்னித்திருப்பார். அந்தக் கோட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் சந்தேகம் அக்காவின் மேல். இரண்டு தெரு தள்ளி இருந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பாட்டு டப்பாவோடு மூன்று மாடி ஏறி வருவாள்.

“அக்கா, உண்மையைச் சொல்லு. எங்கிட்ட சொல்லாம கள்ளச்சாவி வெச்சிருக்கியா?”

“ஏன்டா, உன் வீட்ல என்ன இருக்குன்னு நான் கள்ளச்சாவி போடணும்? ரெண்டு லுங்கியும் ஒரு ரேடியோவும். அதைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன மாளிகையா கட்டப்போறேன்?”

“குறுக்கெழுத்துப் போடறியா?”

“எனக்கு வீட்டு வேலையே குறுக்கும் நெடுக்குமா கிடக்கு, போடா!”

பூட்டை மாற்றினார். கட்டம் நிரம்பியது. மறுபடி மாற்றினார். நிரம்பியதோடு, ஓரத்தில் ‘இந்தப் பூட்டு முந்தியதைவிட நன்றாக இருக்கிறது’ என்று ஒரு பாராட்டும் இருந்தது.

இதே சமயத்தில் கடையிலும் ஒரு வினோதம். அந்தப் பூசணிக்காய்ப் பூட்டு சில்லிட்டுக் கிடந்தது. வெயில் காலத்தில், பக்கத்தில் நின்றால் ஐஸ்பெட்டியைத் திறந்தது போல. வந்தவர்களெல்லாம் அதில் கன்னத்தை வைத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினார்கள். சுவருக்குள் குழாய் ஒழுகுகிறதோ என்று தட்டித் தட்டிப் பார்த்தார். செருப்புக் கடைக்காரர் ஏதோ செய்கிறாரோ என்று அவரையும் ஒரு வாரம் முறைத்தார்.

கடைசியில் ஒரு நாள் கடைக்குப் போவதாகப் பேர் பண்ணிவிட்டு மத்தியானமே திரும்பினார். உள்ளே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, துணி அலமாரிக்குள் உட்கார்ந்தார், ஒரு கையில் குடையோடு. ஐந்தரை மணிக்குச் சாவித்துவாரத்தில் ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. ஊசியில் கோத்த நூல் மாதிரி நீண்டு, இறங்கி, ஆளாகி நின்றது. சாம்பல் நிறப் புடவை, தோளில் கைப்பை. வந்தவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள். இத்தனை ஒழுங்கான திருடியை அவர் பார்த்ததில்லை.

“அலமாரிக்குள்ள மூச்சு விடறது தெருவரைக்கும் கேக்குது. வெளிய வாங்க,” என்றாள்.

வந்தார். குடை முதலில், அவர் பின்னால்.

“யாரு நீ?”

“நீங்க யாரு? நாலு மாசமா நானும் பாத்துட்டுதான் இருக்கேன். பை நிறையக் கம்பி, கொத்துக் கொத்தாச் சாவி, மாசத்துக்கு ஒரு பூட்டு மாத்தறீங்க. திருட்டுப் பொருளைப் பதுக்கற ஆளோன்னு எனக்குச் சந்தேகம். குறுக்கெழுத்து நேர்மையாப் போடறாரான்னு பார்த்தேன். தப்பா இருந்தாலும் சொந்தமாப் போடறீங்க. அதனாலதான் விட்டு வெச்சேன்.”

அதே வீட்டில் அவருக்கு முன்பு குடியிருந்தவள். டெலிபோன் ஆபீசில் இணைப்புக் கொடுக்கும் வேலை. ஒரு மார்கழிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எட்டு மணிக்குக் கிளம்பி ஐந்தரைக்குத் திரும்புவதை நிறுத்தவில்லை.

“செத்தப்புறமும் ஆபீசா?” என்று கேட்டார்.

“செத்தா லீவுன்னு யாரு சொன்னது?”

“சுவத்துக்குள்ள புகுந்து வரலாமே?”

“அது கண்டவங்க பண்றது. நான் முறையாச் சாவி வாங்கிக் குடி வந்தவ. எனக்கு வாசல் இருக்கு.”

அப்படியும் அவர் உடனே நம்பிவிடவில்லை. தரையில் பவுடர் தூவிக் கால்தடம் பார்த்தார். பெயரைச் சொல்லாமல் அவளுடைய பழைய மேலதிகாரியின் குணத்தை மூன்று நாள் இடைவெளியில் மூன்று விதமாகக் கேட்டார், மாற்றிச் சொல்கிறாளா என்று. அவளும் சளைக்கவில்லை. அவர் பையில் இருந்த ஒவ்வொரு கம்பிக்கும் விளக்கம் கேட்டாள்.

இப்படி ஒருவரை ஒருவர் விசாரித்ததில் ஒரு மாசம் போயிற்று. அதற்குள் அவர் கடையை ஐந்து மணிக்கே சாத்தத் தொடங்கியிருந்தார். இரண்டு டம்ளர் டீ போடுவார். அவள் தன் டம்ளரிலிருந்து ஆவியை மட்டும் எடுத்துக்கொள்வாள். ஆவி தீர்ந்ததும், “நல்லா இருந்தது, சர்க்கரை ஒரு கல் கம்மி,” என்பாள். ஆறின டீயை அவர் குடிப்பார். பேப்பரை நடுவில் விரித்துக்கொள்வார்கள். அவர் பென்சில், அவள் பேனா. ரேடியோவில் பாட்டு வந்தால் அவள் சன்னமாகச் சேர்ந்து பாடுவாள். அவர் ஒரு தடவை, ஒரே தடவை, தாளம் போட்டார். போட்டுவிட்டுக் கையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள்: “எங்களுக்கு ஞாபகம்தான் உடம்பு. மூணு சாயங்காலம் தொடர்ந்து சொந்த வாசல் தாண்டி உள்ள வரலேன்னா வழி மறந்துரும். அப்புறம் காத்தோட காத்து.”

 மறுநாள் அவர் வாசல்படியில் பெயர்ந்திருந்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா கழுவுமிடத்தில் நின்று கூவினாள்: “ரெண்டு டம்ளர் எதுக்குடா?”

“எனக்கு ரெண்டு தடவை டீ வேணும்.”

“ஒரே டம்ளர்ல ரெண்டு தடவை குடிக்க முடியாதா? தலையணை உறை ரெண்டும் புதுசு. முகத்துல பவுடர் வேற. எவ அவ?”

“அது தரைக்கு வாங்கின பவுடர்.”

“தரைக்கா! நல்லா முத்திப்போச்சு,” என்று சொல்லிவிட்டு அக்கா கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். ஜன்னலோரம், அக்கா கண்ணில் படாமல், உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், “உங்க குடும்பமே இப்படித்தானா?” என்றாள்.

சந்தோஷமாக இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் அதையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று, அவள் சொன்ன டெலிபோன் ஆபீசைத் தேடிப் போனார். அங்கே கட்டடமே இல்லை. வண்டி நிறுத்தும் காலி மனை.

“ஆபீசா? அதை இடிச்சு ஆறு வருஷம் ஆச்சுங்க,” என்றார் காவல்காரர்.

நேற்றுக்கூட அவள், ஆபீசில் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொல்லியிருந்தாள்! தினம் காலை எட்டிலிருந்து ஐந்தரை வரை இவள் எங்கே போகிறாள்? பொய் சொல்கிறவளுக்கு இன்னொரு வீடு இருக்கும். அங்கேயும் ஒரு பேப்பர் இருக்கும், ஒரு டம்ளர் இருக்கும், தாளம் போடத் தெரிந்த ஒருவன் இருப்பான். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினார். மூன்று தடவை இழுத்தார். சாவியை உள்பக்கம் துவாரத்திலேயே விட்டுக் கால் திருப்பு திருப்பினார்.

ஐந்தரைக்குச் சாவி லேசாக நடுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கட்டும், ஏன் என்று கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தார். அவளுடைய குரல் கதவின் கனத்தைத் தாண்டாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோபக்காரருக்கு எல்லாம் தோன்றிவிட்டால் கோபம் எதற்கு?

புதன்கிழமை கடை திறக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சாயங்காலம் சாவி நடுங்கியது, முந்தின நாளைவிட மெதுவாக. வியாழக்கிழமை குறுக்கெழுத்தில் ஒரு கட்டமும் ஓடவில்லை. மூன்றாவது சாயங்காலம் என்று தெரியும். எழுந்து போய் எழுந்து போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். பொய் சொன்னவளுக்கு நான் ஏன் திறக்க வேண்டும் என்று பேப்பரைக் கேட்டார்.

ஐந்து மணிக்கு அக்கா கதவைத் தட்டினாள்.

“கடையைச் சாத்திட்டு உள்ள என்னடா பண்ற? செருப்புக் கடைக்காரர் நீ செத்துட்டியோன்னு கேக்கறார். முதல்ல இந்தக் கடைசிப் படியில என்னன்னு பாரு. கால் வெச்சா விறைக்குது. உன் கடையில ஒரு பெரிய பூட்டு இருக்கே, அதே ஜில்லு!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அந்தப் பூட்டு எப்போதிருந்து சில்லிட்டது? அவர் இந்த வீட்டுக்குக் குடி வந்த மாசத்திலிருந்து. என்றைக்கெல்லாம்? காலையிலிருந்து சாயங்காலம் வரை. அவள் போக ஆபீஸ் இல்லை. இல்லை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. எட்டு மணிக்கு அவருக்குப் பின்னாலேயே கிளம்பி, அவர் தலைக்கு மேல் தொங்கும் பூட்டுக்குள் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லாரையும் அவரோடு சேர்ந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மின்விசிறி சத்தம் போட்டதும் அவர் கடையில்தான்.

ஓடிப்போய்ச் சாவியைப் பிடித்தார். கால் திருப்பைத் திருப்பிவிட்டு உருவ வேண்டும். கைக்குத் தெரிந்ததோ மூன்று இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. பாதிச் சாவி கையோடு வந்தது. மீதி துவாரத்துக்குள் அடைத்துக்கொண்டது.

“அக்கா! மணி என்ன?”

“அஞ்சேகால். ஏன்டா?”

கம்பிப் பை, கருவிகள் எல்லாம் செவ்வாய்க்கிழமையே கடையில் விட்டு வந்தவை. சமையல் கத்தியால் திருகாணியைத் திருப்பப் பார்த்தார். தலை மழமழவென்று இருந்தது. எந்தத் திருடனும் திருப்ப முடியாது, அவரும் முடியாது. கீல்களின் முனையையும் அவரே அடித்துத் தட்டையாக்கியிருந்தார். ஜன்னல் கொக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலையை அவர் பார்த்ததில்லை. அழுகை வந்தது.

“அக்கா, தள்ளி நில்லு. அந்தப் படியை மிதிச்சுடாத!”

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார். பத்தொன்பது வருஷப் பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஓங்கி அடித்தார். வெளியில் நிற்கிறவர்களுக்கு ஒரு பூட்டு எவ்வளவு கெட்டி என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். பதினோராவது அடியில் பூட்டு கட்டையோடு பிய்த்துக்கொண்டு போய் அக்காவின் காலடியில் விழுந்தது. கதவில் கொய்யாப்பழம் போகிற ஓட்டை.

அக்கா ஓட்டை வழியாக அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிப் படியைப் பார்த்தாள். இரண்டு டம்ளர், பவுடர், ஜில்லிப்பு எல்லாம் அவள் தலைக்குள் சேர்ந்துகொண்டது தெரிந்தது.

“யாரோ தெரியல. ஆனா ரொம்ப நேரமா நிக்கிற போல இருக்கும்மா,” என்றாள் படியிடம். “உள்ள போ. இவனை நான் அப்புறம் கவனிச்சுக்கறேன்.”

குளிர்ந்த காற்று ஓட்டை வழியாக நுழைந்தது. அவள் நின்றாள், பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். செருப்பைக் கழற்றவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள், தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டவள் மாதிரி.

“மன்னிச்சுருங்க,” என்றாள். “இங்க... எனக்கு யாரையாவது தெரியுமா?”

 அவர் மூன்று நாள் பேப்பரையும் மேஜையில் விரித்தார். பேனாவைப் பக்கத்தில் வைத்தார்.  அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அக்கா ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள்.

“மேலிருந்து கீழ், ஏழாவது தப்பு,” என்றாள் அவள்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தாள்.

அந்தக் கதவுக்கு அவர் அப்புறம் பூட்டுப் போடவே இல்லை. ஓட்டைக்குச் சின்னதாக ஒரு பூப்போட்ட திரை மட்டும், அக்கா தைத்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையில் மூன்று டம்ளர். காலையில் இரண்டு பேரும் சேர்ந்தே கடைக்குப் போகிறார்கள். யாராவது பூசணிக்காய்ப் பூட்டில் கன்னத்தை வைக்க வந்தால் அவர் முறைக்கிறார்.

சாயங்காலம் அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “வாங்க,” என்று நிற்பார். அவள் அவரைத் தாண்டி, திரையை விலக்கி, ஓட்டை வழியாகவே உள்ளே போவாள். ஆனாலும் குணம் எங்கே போகும்? அவள் உள்ளே போனதும், வெளியே நின்றபடி, பூட்டில்லாத கதவைச் சாத்தி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கதவு மூன்று தடவையும் திறந்துகொள்ளும். மூன்று தடவையும் அவள் அங்கே இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வார்.