இரண்டாவது தும்மல்

எனக்குத் தும்மல் ஒன்றோடு நிற்காது. பத்து வரும், பன்னிரண்டு வரும், சில நாள் இருபதுகூட வரும். தை மாதம் பாதியில் தொடங்கினால் சித்திரை முடிகிறவரை மூக்கும் கண்ணும் என் வசத்தில் இருக்காது. காலையில் எழுந்தவுடனே மேலண்ணம் அரிக்க ஆரம்பிக்கும். நாக்கை வைத்துச் சொறிந்துகொள்வேன்; அந்தச் சத்தம் மாமியாருக்குப் பிடிக்காது. கண் சிவந்து நீராகக் கொட்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள், இந்தப் பெண்ணை வீட்டில் ரொம்பப் படுத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் பதினைந்து வயதில் அங்கே வந்தபோது வீட்டில் மாமியாரும் என் கணவரும் மட்டும்தான். மாமனார் தவறி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை அவர் செங்கல்பட்டுக்குக் கிளம்பிப் படி இறங்கும்போது யாரோ ஒற்றைத் தும்மல் தும்மினார்களாம். அவர் சிரித்துக்கொண்டே போனாராம். மறுநாள் சவமாகக் கொண்டுவந்து போட்டார்கள். அன்று தும்மியது யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தும்மல் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். யாராவது வெளியே கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். என் மாமியாருக்கு அது போதாது. தும்மியவர் வாயாலேயே இன்னொன்று வந்து அது இரட்டையாக வேண்டும். அதுவரை யாரும் படி இறங்கக் கூடாது. எனக்குத்தான் வரிசையாக வருமே, என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். அவர் எண்ணுவார். அடுப்படியில் இருந்தாலும் எண்ணுவார். பன்னிரண்டில் நின்றால் சரி. பதினொன்றில் நின்றால் அது ஒற்றை. என் கணவர் தலைப்பாகையும் குடையுமாக ஊஞ்சலில் உட்கார்ந்து பன்னிரண்டாவதுக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு. ஆபீசில் என்ன காரணம் சொன்னாரோ தெரியாது.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தை முதல் சித்திரை வரை, வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் நான் கொல்லைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கிளம்பியவர் சந்து திரும்பியதும் மாமியார் வந்து தாழ்ப்பாளைத் தட்டுவார். அப்புறம் நான் வரலாம். வருஷத்தில் மூன்று, நாலு மாதம் என் கணவர் வெளியே போவதை நான் பார்த்ததே கிடையாது.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை மூக்கால் இழுத்தேன். மிளகும் துளசியும் போட்ட கஷாயத்தைக் குடித்துக் குடித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். திருவல்லிக்கேணியில் ஒரு ஹகீம் சாயபு கொடுத்த லேகியம் வாய்க்கு நன்றாக இருந்தது; அந்த வகையில் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூக்கு தன் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் எனக்கு மகன் பிறந்தான். அவனுக்கு மூன்று வயதானபோது, தினமும் சாயங்காலம் மாமியார் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். நான் கொல்லைக்குப் போய்விடுவேன். வாசலில் அவன் "அம்மா எங்கே, அம்மா எங்கே" என்று கேட்பது கதவு வழியாகக் காதில் விழும். டாட்டா காட்ட வேண்டும் என்று அழுவான். அதுவரை தும்மல் எனக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். இப்போது ஆத்திரம் வந்தது. வாசலில் நின்று என் பிள்ளையை அனுப்பிவைக்க எனக்கு யோக்கியதை இல்லையா? இதற்கு ஒரு முடிவு கட்டாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று கணவரிடம் சண்டை போட்டேன். அவர் என்னை ராயப்பேட்டையில் ஒரு இங்கிலீஷ் வைத்தியரிடம் அழைத்துப் போனார்.

அந்த டாக்டர் வயதானவர். முதலில் நாடியைப் பார்க்காமல் கேள்வியாகக் கேட்டார். எந்த மாதத்தில் வருகிறது, எந்த நேரத்தில் அதிகம், வீட்டில் எந்த இடத்தில் அதிகம் என்றெல்லாம் கேட்டார்.

"கொல்லையில இருக்கும்போதுதான் ரொம்ப வரது," என்றேன்.

"கொல்லையில என்ன மரம்மா இருக்கு?"

"பெரிய வேப்பமரம்."

"இப்ப பூத்திருக்குமே. அந்தப் பூவோட தூள்தான் உங்களுக்கு ஆகலை. அது பூத்து ஓயற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மல் கேட்கக் கூடாது என்று ஒரு நாளைக்கு நாலு தடவை என்னை நிறுத்திவைத்தது அந்த மரத்தடியில்தான். உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளி, புடைத்து, ரசத்துக்கும் வருஷப் பிறப்புப் பச்சடிக்கும் காயவைத்ததும் நான்தான். வீட்டுக்கு வந்து கணவர் தயங்கித் தயங்கி மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். "அம்மன் குடியிருக்கற மரம்டா. இவ மூக்குக்காக அதை வெட்டணுமா?" என்றார் மாமியார். பேச்சு அத்தோடு முடிந்தது.

டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரையும் கொடுத்திருந்தார். சீமையிலிருந்து புதிதாக வந்த மருந்து, காலையில் பாதி போட்டுக்கொள்ளுங்கள், நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், பயப்படாதீர்கள் என்றார். போட்டுக்கொண்டேன். நெஞ்சு படபடத்தது, விரல் நடுங்கியது, தூக்கம் போனது. தும்மலும் போனது. அந்தப் பங்குனியில் பத்து நாள் நான் மனுஷியாக இருந்தேன். கணவர் ஆபீசுக்குப் போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். மாமியார் என் மூக்கையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவருக்கு அந்த மாத்திரையில் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை.

பதினோராம் நாள் பிள்ளைக்கு ஜுரம் கண்டது. தொண்டை வலிக்கிறது என்றான். பால்கூட இறங்கவில்லை. தெருவில் இருந்த வைத்தியர் இரண்டு நாள் மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் விடியும்போது அவன் மூச்சு விடுவது கூடம் முழுக்கக் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். தொண்டையில் வெள்ளையாக ஜவ்வு மூடியிருக்கிறது, இனி என்னால் ஆகாது, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அங்கே தொண்டையில் துளை போட்டாவது மூச்சு விடவைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் ஜட்கா கொண்டுவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். பாதி போட வேண்டிய மாத்திரையை முழுதாகப் போட்டுக்கொண்டேன். கிளம்பும்போது தும்மல் வந்தால் என்னைக் கொல்லையில் தள்ளிவிட்டுப் பிள்ளையை மட்டும் கொண்டுபோவார்கள் என்று பயம். அவன் என்னை விட்டுப் போக மாட்டான். நானும் விட மாட்டேன்.

ஜட்கா வந்து வாசலில் நின்றது. பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினேன். கணவர் வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டார். மாமியார் ஓடிவந்து பிள்ளையின் நெற்றியில் விபூதி இட்டு, தலையில் கொஞ்சம் தூவினார். அந்த விபூதிதான் காரணம் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. எதுவென்று நிச்சயமாகத் தெரியாது. தும்மினேன்.

ஒன்றே ஒன்று.

"ஒத்தை!" என்றார் மாமியார். "நில்லுங்கோ. உள்ள வந்து உக்காருங்கோ."

"அம்மா, குழந்தை கெடக்கற கெடையைப் பாரு," என்றார் கணவர்.

"அதனாலதான்டா சொல்றேன். உங்கப்பாவும் இப்படித்தான் கேக்காம போனார்."

கணவர் பி.ஏ. படித்தவர். காலை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். "இவளுக்கு ஒண்ணோட என்னிக்கு நின்னிருக்கு? இப்ப வந்துடும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நான் அவருக்கு முன்னாலேயே திரும்பி உள்ளே போயிருந்தேன். யாரும் என்னை இழுக்கவில்லை.

கூடத்தில் உட்கார்ந்தோம். மாமியார் தண்ணீர் கொண்டுவந்தார், குடித்தேன். எல்லோரும் என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட. அது வரவில்லை. பதினாறு பதினேழு வரிசையாகப் போட்டவளுக்கு ஒன்று வரவில்லை. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் காதுகூட அடைத்தது. புடவைத் தலைப்பை முறுக்கி மூக்கில் விட்டுக்கொண்டேன். மாமியார் விளக்குத் திரி ஒன்றைக் கொடுத்தார், அதையும் விட்டுப் பார்த்தேன். கணவர் தன் பொடி டப்பியைத் திறந்து நீட்டினார். இரண்டு சிட்டிகை இழுத்தேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

வாசலிலிருந்து ஜட்காக்காரர் குரல் கொடுத்தார். "சாமி, இன்னா உள்ள போய் குந்திக்கினீங்க? கொயந்த மூச்சு இஸ்துக்கினு கீது, நான் பாத்தேனே. ஏறுங்க சாமி, பறந்துடலாம்."

"இதோ வரோம்பா, ஒரு நிமிஷம்," என்றார் கணவர்.

அந்த ஒரு நிமிஷத்தை அவர் மூன்று தடவை சொன்னார். அப்புறம் ஜட்காக்காரர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

வெயிலைப் பார்த்தால் தும்மல் வரும் என்று எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி, அண்ணாந்து சூரியனைப் பார்த்தபடி நின்றேன். கண் கூசியது. மூக்கின் நுனியில் எதுவோ குறுகுறுத்தது, போய்விட்டது, மறுபடி வந்தது. தும்மினேன்.

"ரெட்டை! ஆயிடுத்து, கிளம்புங்கோ!" என்று மாமியார் கத்தினார். கணவர் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டே படி இறங்கி வண்டியில் ஏறினேன்.

ஜட்காக்காரர் குதிரையை அடித்து ஓட்டினார். லஸ் முனையைத் தாண்டியதும் பிள்ளையின் மூச்சுச் சத்தம் குறைந்தது. அப்புறம் கேட்கவில்லை. அசந்து தூங்குகிறான் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவனைக் கையில் வாங்கி, விளக்குக்குக் கீழே கிடத்திப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் கணவரை மட்டும் அந்தப் பக்கம் அழைத்துப் போனார். எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே வண்டியில்தான் திரும்பினோம். ஜட்காக்காரர் குதிரையை நடக்கவிட்டார். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே, "இம்மாம் நேரம் உள்ள இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார். கணவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் தும்மினாள், பிள்ளை போய்விட்டது என்று சந்து முழுக்கப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒருவரும் பேசவில்லை. மாமியாரே எனக்குப் பரிந்து பேசினார். "அவமேல ஒரு தப்பும் இல்லை. தும்மல்கூட ரெட்டையாத்தான் ஆச்சு. சகுனத்துல ஒரு கொறையும் வெக்கலை. அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான்," என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுவார். அவருக்கும் அவன்தான் உயிர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதலை அவர் சொல்லும்போதெல்லாம் அவர் வாயை அடைக்க வேண்டும் போல இருக்கும். யாராவது ஒருத்தர் என்னைத் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

நாலைந்து வருஷம் கழித்து, மாமியார் காலமான பிறகு, தியாகராய நகரில் புதிதாகப் போட்ட தெரு ஒன்றில் வீடு பிடித்துப் போனோம். வெறும் மணல்தரை, மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதல் பங்குனியிலேயே தும்மல் பாதியாகக் குறைந்தது. அடுத்த வருஷம் போன இடம் தெரியவில்லை. கணவர் அதைக் கவனித்தார். "தேவலை போலிருக்கே," என்றார். ஆமாம் என்றேன். அன்றைய நாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. வேறு குழந்தையும் பிறக்கவில்லை.

தும்மியதற்காக நான் வருத்தப்படவில்லை. தும்மல் யார் கையிலும் இல்லை. மாமியார் கூப்பிட்டதும் உள்ளே போனதைக்கூட, அந்த வயதும் அந்த வீடும் அப்படி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் முற்றத்தில் அந்த இரண்டாவது தும்மல் வந்ததே, அந்த நிமிஷம் என் பிள்ளை என் தோளில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் என் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அவனைப் பார்க்கவில்லை. சரியாக வந்துவிட்டதா என்று மாமியார் முகத்தைப் பார்த்தேன்.