முப்பத்தேழாம் நம்பர் மனை

ஜமுனா லேசில் யாரையும் நம்ப மாட்டாள். இறாலை எடை போடும் முன்பு தராசுத் தட்டைத் திருப்பிப் பார்ப்பாள். தபால் நிலையப் பாஸ்புக்கை இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். இருபது வருஷம் ஏரிச் சேற்றைக் கையால் துழாவி, பிடித்த இறாலை வாயில் கவ்விய ஓலைப் பறிக்கூடையில் போட்டுச் சேர்த்த மூன்று லட்சம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. சொந்தமாக ஒரு மனை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

சித்திரை மாதம் அவள் ஊரான தோணிரேவுக்கு சிவகுமார் என்றொரு தரகன் வந்தான். எளாவூர்ப் பக்கம் ஐம்பது மனை, எல்லாம் ஒரே விலை, எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அங்கேதான் ஊர் கவிழ்ந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதே இங்கே சீட்டுக் குலுக்கித்தான். பாடு என்று அதற்குப் பெயர். சீட்டில் விழுந்ததை எவரும் கேள்வி கேட்பதில்லை. கில்லாடி, விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

ஜமுனா மட்டும் விடவில்லை. "இதுக்கு பேங்க்ல லோன் குடுப்பாங்களா?"

"பேங்க் பின்னாடி நீ இன்னாத்துக்குக்கா அலையணும்? ஒரு லட்சம் அட்வான்ஸ் குடு. மீதிய எங்ககிட்டயே தவணையா கட்டு."

"குடுப்பானா மாட்டானா, அத்தச் சொல்லு."

சிரித்து மழுப்பினான். மறுநாளே ஜமுனா பொன்னேரிக்கு பஸ் ஏறி, அவன் கொடுத்த மனை வரைபடத்தை ஒரு வங்கியில் நீட்டினாள். அங்கீகாரம் இல்லாத மனைக்குக் கடன் கிடையாது, வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கடன் கொடுக்க அவர்களே பயப்படும் இடத்தில் நான் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று நினைத்தபடியே திரும்பினாள்.

ஆனால் எல்லாரையும் போல அவளும் முதலிலேயே பெயர் கொடுத்திருந்தாள். அன்று சாயந்திரம் குலுக்கலில், "முப்பத்தேழு, ஜமுனா" என்று மைக்கில் கேட்டது. மூலை மனை. வலை இல்லாமல் கையால் பிடிப்பவர்களுக்குப் பாடு முறையில் பங்கு இல்லை. அதுவரை எந்தச் சீட்டிலும் அவள் பெயர் எழுதப்பட்டதே இல்லை. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பணம் கட்ட மூன்று நாள் கெடு. பக்கத்து வீட்டு எலிசபெத்துக்கும் ஒரு மனை விழுந்திருந்தது. அவள் வந்து கேட்டாள்: "பேங்க்குக்குப் போனியேக்கா, இன்னா சொன்னாங்கோ?"

"ஒன்னியும் சொல்லல."

சொன்னால், தான் தயங்குவதைப் பார்த்து இவளே மூலை மனையை அமுக்கப் பார்ப்பாள் என்று ஜமுனாவுக்குச் சந்தேகம்.

மூன்றாம் நாள் காலையில் தனியாகப் போய் மனையைப் பார்த்தாள். செம்மண் பரப்பி, கல் நட்டு, கொடி கட்டியிருந்தார்கள். மூலைக் கல்லருகே குந்தி உட்கார்ந்து கையால் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்திலேயே செம்மண் தீர்ந்து, விரல்கள் கறுப்புச் சேற்றில் இறங்கின. மட்கிய நண்டு ஓடு கையில் வந்தது. ஐப்பசி மழைக்கு இங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஓட்டமும் நடையுமாக ஊர் திரும்பி, நேரே எலிசபெத் வீட்டுக்குப் போனாள். "பணத்தக் கட்டிடாதடி. அது பூரா ஏரி."

எலிசபெத் ரசீதை எடுத்துக் காட்டினாள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த சங்கிலியைக் காலையில்தான் விற்றிருந்தாள்.

"நீ போய் விசாரிச்சுட்டு வந்து ஒன்னியும் சொல்லலியேக்கா," என்றாள் எலிசபெத். "உனக்கே சந்தேகம் வரலனா எல்லாம் கரெக்டாதான் இருக்கும்னு கட்டிட்டேன்."