குவைத்திலிருந்து வந்த கசெட்

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளையிலிருந்து மொனராகலைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். குவைத்தில் வீட்டுவேலை முடிந்து திரும்பியவர். கையில் புது வளையல், விரல்களில் சோப்பு தின்ற வெடிப்பு. மடியிலிருந்த டேப் ரெக்கோடரின் மூடியை அடிக்கடி அழுத்திப் பார்த்துக்கொண்டார். உள்ளே, அவர் குவைத்தில் இருந்தபோது ஊரிலிருந்து கணவர் பேசி அனுப்பிய கசெட் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், எழுத வராதவர்களுக்கு அதுதான் கடிதம்.

போர்க்காலம்; சோதனைச்சாவடியில் ஏறிய சிப்பாய் அதைப் போட்டுக் காட்டச் சொன்னான். அவனுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் முந்திக்கொண்டு எழுந்தேன்.

"நான் கேட்டுச் சொல்லிர்றேன் அக்கா. ரெண்டே நிமிசம்."

"எம் புருசன் எனக்குப் பேசுனத நீங்க எதுக்குத் தம்பி கேக்கணும்?"

"கேக்காட்டி பஸ்ஸ விடமாட்டாங்க."

"அப்ப என்னைய எறக்கிவிட்டுட்டுப் போங்க."

இதுதான் கடைசி பஸ் என்றார் கண்டக்டர். அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தமிழ் தெரிந்த பொம்பிளைப் பொலிஸ் வந்தால் அவளுக்கு மட்டும் போட்டுக் காட்டுவதாகச் சிப்பாயிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டு, வீதியோரக் கல்லில் உட்கார்ந்தார். பஸ் புறப்பட்டது.

அந்தக் கசெட்டில் என்ன இருந்தது என்று அறிய எனக்கு இன்றைக்கும் ஆசைதான். அவர் இறங்கியது சரி.