பதினொரு தாழ்ப்பாள்கள்

1975 ஒக்டோபர் 13, திங்கட்கிழமை, பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடம். மெல்பேர்ணில் காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். நோபல் பார்க்கில் எங்கள் குசினியில், அடுப்புக்கு எதிர் மூலையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் புத்தகங்கள் ஏழு, மாமாவின் பொறியியல் புத்தகங்கள் நான்கு, அம்மாவின் தையல் கத்தரிக்கோல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே பாடசாலைக் கதவுகளின் சாவிகள் கோர்த்த திறப்புக்கோர்வை. அதில் பதினொரு திறப்புகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவன் நான். தொழில் செய்யும் சாமான்களையும் பூசையில் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதும், யாரையும் கேளாமல் ஆணியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்தார். பின்னேரங்களில் நான் படித்த ஆரம்பப் பாடசாலையைக் கூட்டித் துடைத்துப் பூட்டுவது அவர் வேலை. இரண்டு கிழமைக்கு முன் யாரோ உள்ளே புகுந்து படம் காட்டும் மெஷினைத் தூக்கிப் போயிருந்தார்கள். இனி ஒரு நாள் கதவு சரியாகப் பூட்டாமல் கிடந்தால் வேலை இல்லை என்று தலைமையாசிரியர் மாமாவிடம் சொல்லிவிட்டார். வேலைகூடப் பெரிதில்லை. படிப்பு முடிந்த பிறகும் இந்த நாட்டில் தங்குவதற்கு மாமா விண்ணப்பித்திருந்தார். நம்பத் தகுந்த ஆள் என்று தலைமையாசிரியர் ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது.

"அக்கா, திறப்பை எடுக்கப்போறன்."

"தொட்டுப்போடாதை. பூசையில வைச்சது. விடியத்தான் எடுக்கலாம்."

"அப்ப பள்ளிக்கூடத்தை ஆர் பூட்டுறது? சரஸ்வதியோ?"

"உன்ரை புத்தகமும் அதுக்குள்ளதான் கிடக்கு. அடுத்த மாதம் சோதினை. பிறகு என்னைக் குறை சொல்லாதை."

மாமாவுக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை. சோதினையில் பயம் இருந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மருமோன், சப்பாத்தைப் போடு."

பாடசாலையின் பதினொரு வெளிக்கதவுகளுக்கும் உள்பக்கம் பழைய இரும்புத் தாழ்ப்பாள்கள் இருந்தன. யாரும் போடுவதில்லை. மாமா வேலையை முடித்து வெளியே போய் நின்றார். நான் உள்ளே ஓடி ஓடி ஒவ்வொன்றாகப் போட்டு, உரக்க எண்ணினேன். பதினொன்றும் ஆனதும் சாமான் அறையின் சிறிய யன்னலால் வெளியே இறங்கினேன். மாமாவால் அதில் நுழைய முடியாது, நான் நுழைந்தேன். அதன் கொக்கி உள்ளே இருந்ததால் வெளியிலிருந்து பூட்ட வழியில்லை. மாமா பத்திரிகைத் தாளை எட்டாக மடித்து இடுக்கில் இறுக்கிவிட்டார்.

காலை ஏழுக்குத் திறப்புகளோடு வந்து, நான் மறுபடி உள்ளே இறங்கித் தாழ்ப்பாள்களை எடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தலைமையாசிரியர் வருவது எட்டுக்கு. அறுபது நிமிடம் கையில் இருந்தது.

அந்த அறுபதையும் அம்மா எடுத்துக்கொண்டார். விஜயதசமி அல்லவா. பொங்கல் பொங்க வேண்டும், நான் ஒரு பக்கம் எழுத வேண்டும், மாமா ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், அதன் பிறகுதான் திறப்பு. நாங்கள் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி இருபத்தைந்து நிமிடம். மழை.

முற்றத்தில் பிள்ளைகள் எல்லாரும் நனைந்துகொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் தன்னிடமிருந்த திறப்புகளால் பதினொரு கதவையும் முயன்றிருக்கிறார். பூட்டுகளில் திறப்புகள் சுழன்றன, கதவுகள் அசையவில்லை. திருடன் உள்ளேயே இருந்து தாழிட்டிருக்கிறான் என்று முடிவு செய்து பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு பொலிஸ்காரர் முன்கதவுக் கண்ணாடியை உடைப்பதற்காகக் கையில் கோட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாமா என் கையைப் பிடித்திருந்தார். இரண்டு தரம் இறுக்கி அழுத்தினார்.

ஓடச் சொல்கிறார் என்று நினைத்தேன். கையை உதறிக்கொண்டு ஓடி, எனக்கு வழி தெரியும் என்று கத்தினேன். எல்லாரும் பார்க்க மடித்த தாளை இழுத்து எறிந்து, யன்னலால் உள்ளே விழுந்தேன். கதவு கதவாகத் திறந்துகொண்டு வந்தேன். ஒவ்வொரு கதவுக்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள். வகுப்பில் என்னோடு பேசாதவர்களும் தட்டினார்கள். பதினோராவது முன்கதவு. அங்கே தலைமையாசிரியர் நின்றார். அவர் தட்டவில்லை. யார் இப்படிச் செய்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நானும் மாமாவும் என்று தொடங்கி, தாளை எத்தனையாக மடித்தோம் என்பது வரைக்கும் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரும்பி மாமாவின் கையிலிருந்த திறப்புகளைப் பார்த்தார். மழையில் சந்தனம் கரைந்து மாமாவின் விரல்களில் வழிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் மாமா வேலைக்குப் போகவில்லை.

"மாமா, எல்லாரும் கை தட்டினவை!"

"ஓம். பாத்தனான்."

அந்த அழுத்தல் 'நில்' என்று சொன்னது. கண்ணாடி உடைந்திருந்தால் பழி முகம் தெரியாத திருடனோடு போயிருக்கும். பத்து வயதுப் பிள்ளை நுழையக்கூடிய யன்னலை நம்பி மாமா ஒரு பாடசாலையை விட்டுப் போனார் என்பதை, ஊர் பார்க்க நிரூபித்தவன் நான். இது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் வீட்டின் நான்கு கதவுகளையும் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தன.

தலைமையாசிரியரின் கடிதம் வந்தது. இரண்டு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கூட்டினார் என்பது மட்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. சோதினையில் மாமா முதல் வகுப்பு. திறப்பைத் தொடாததால்தான் என்று அம்மா கடைசிவரை சொன்னார்.

ஜனவரியில் ஒரு நாள் மாமா குசினிக் கதிரையில் இருந்து, ஒரு கடித உறையை என்னிடம் நீட்டி எண்ணச் சொன்னார். மேசையில் காசுத் தாள்களை அடுக்கி மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் ஒரே தொகை வந்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"உனக்குக் கணக்குப் பிழைக்காது, மருமோன்," என்றார்.

கொழும்புக்கு ஒருவழி விமானச் சீட்டு. நானூற்றுப் பன்னிரண்டு டொலர்.