சூளைக்காரியின் முடிச்சு

சூளைக்காரிக்குப் பொய் சொல்ல வராது. முயற்சி பண்ணாமல் இல்லை. வாயைத் திறப்பதற்குள் காது இரண்டும் சிவந்து, விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, அவளுக்கு வாய்த்த புருஷன் வாயைத் திறந்தாலே அளந்துதான் விடுவான்.

அவனைப் பெரிய வேட்டைக்காரன் என்று ஊரே நம்பியிருந்தது. காட்டுப்பன்றி தன்மேல் பாய்ந்ததையும், தான் அதன்மேல் திருப்பிப் பாய்ந்ததையும் டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்லுவான். பன்றி மட்டும் கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருக்கும். அந்த மனுஷனுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். கண்ணி வைப்பது, போய்ப் பார்ப்பது, சிக்கிய முயலைத் தூக்கி வந்து உரிப்பது எல்லாம் அவள்தான். அவன் அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்து, துண்டு போட்டாயிற்று என்று அவள் குரல் கொடுத்த பிறகு எழுந்து வந்து சமைப்பான். சமையலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ருசிக்காக யாரும் மழையில் நனைந்துகொண்டு காட்டுக்குள் போவதில்லை. செங்கல் சூளையில் எட்டு மாதம்தான் வேலை. மழை பிடித்துக்கொண்டால் சுடாத பச்சைக்கல் கரைந்துவிடும் என்று சூளையை மூடிவிடுவார்கள். வயிறு மட்டும் லீவு எடுக்காது. முதல் மாதம் மளிகைக்காரர் சிரித்துப் பேசுவார். அடுத்த மாதம் இவளைக் கண்டதும் கடைக்குள் போய் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். அப்படியொரு மழைக்காலத்தில், பெரிய மகளும் சின்ன மகளும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பியதை அவள் பார்த்தாள். அன்றைக்குத்தான் சூளையில் கிடந்த கம்பித் துண்டு ஒன்றை மடியில் சுருட்டிக்கொண்டு காட்டுக்குள் போனாள்.

கம்பி கிடைப்பது அருமை. ஒரு தடவை போட்டு வெட்டி எறியக் கட்டுப்படியாகாது. அதனால் அவளே ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாள். இழுக்க இழுக்க இறுகும். ஆனால் கட்டைவிரலால் கம்பியின் முறுக்கைப் பின்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினால் சடக்கென்று அவிழ்ந்து, கம்பி மறுநாளைக்கும் உதவும். குட்டியோ சினையோ சிக்கினால் நோகாமல் விடுவதற்கும் அதுதான் தோது.

இப்படியே மூன்று மழைக்காலம் ஓடியது. அப்போதுதான் வன ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. காட்டில் திருட்டுத்தனமாக வைத்த கண்ணிகளைத் தேடி எடுக்கிற வேலை. மழையோ வெயிலோ, மாதாமாதம் சம்பளம். பொம்பளையும் வரலாமாம். மழைக்காலத்திலும் சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது இருந்த அன்றைக்கும் இறங்கவில்லை.

"காட்டுப் பக்கமே போனதில்லன்னு சொல்லு. முயலுக்கு எத்தனை காலுன்னு கேட்டா யோசிக்கிற மாதிரி நில்லு" என்று புருஷன் பாடம் எடுத்தான்.

"காது சிவந்துடுமேங்க."

"முக்காடு போட்டுக்கோ."

ஆபீசில் ஒரு பெஞ்சு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று இருந்தது. வன அதிகாரி அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வைத்தார். அதில் கம்பிக் கண்ணி இறுகிக் கிடந்தது.

"இதை வெட்டாம அவுக்கணும். அவ்வளவுதான் பரீட்சை" என்றார்.

ஒருவன் இழுத்துப் பார்த்தான். லாரி கிளீனர் ஒருவன் பல்லால் கடித்தே பார்த்துவிட்டான். அவள் முறை வந்தது. அவள் கவனமெல்லாம் முக்காடு நழுவாமல் பார்ப்பதிலேயே இருந்தது. கட்டைவிரல் அதுபாட்டுக்குப் போய் முறுக்கைப் பின்னால் தள்ளியது. கம்பி கழன்று மேசையில் விழுந்தது.

போச்சு. எல்லாம் போச்சு.

அதிகாரி பெட்டியை அவள் பக்கம் திருப்பினார். உள்ளே முழுக்க வெட்டுப்பட்ட கம்பிகள், அத்தனையிலும் அதே முடிச்சு. "மூணு வருஷமா இதை நான் குறடு வெச்சு வெட்டிட்டிருக்கேன். யாரு கைன்னு மட்டும் தெரியல. நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள், ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த புருஷன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

"ஐயா, அது நான். அவளுக்கு ஒன்னும் தெரியாது. என்னைப் புடிச்சிட்டுப் போங்க."

வாழ்நாளெல்லாம் அளந்து விட்டவனுக்கு அன்றைக்குத்தான் குரல் நடுங்கியது. அதிகாரி கம்பியை அவன் பக்கம் தள்ளினார். "அப்படின்னா கட்டிக் காட்டுங்க."

அவன் கட்டினான். எப்படிக் கட்டினானோ, அவன் விரலே உள்ளே மாட்டிக்கொண்டது. பதறி இழுத்தான், இன்னும் இறுகியது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. வேட்டைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சே சிரித்தது.

"அசையாதீங்க" என்று அவள் குனிந்து, ஒரே தள்ளில் அவிழ்த்துவிட்டாள். இந்தப் பொய்யன்மேல் அவளுக்கு இதுவரை இல்லாத பிரியம் பொங்கி வந்தது. முக்காட்டை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான்தான் சார். நாலு மாசம் சூளை கிடையாது, ரெண்டு புள்ளைங்க பசி தாங்காதுங்க. ஆனா ஒன்னு, என் கண்ணியில எதுவும் சிக்கி அழுகிக் கிடந்ததில்ல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்த்துடுவேன்."

அதிகாரி அவிழ்ந்த கம்பியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பிறகு, "போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. மத்தவங்க வெச்சதையும் சேர்த்து. அப்புறம் பேசலாம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். காவலர்கள் ஒரு வருஷம் தேடியும் அதில் பாதி அகப்பட்டதில்லை.

"இவ்வளவுதானா?"

"காட்டுல இவ்வளவுதான் சார்." காது சிவக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க. சம்பளம் மாசக் கடைசியில."

அந்த மாதம் முழுக்க மழை கொட்டித் தீர்த்தது. சம்பளம் வந்தது. வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தது. மளிகைக்காரர் கடைக்குள் எதையும் தேடாமல் வாசலிலேயே நின்றார். மறுநாள் காலையில் அவள் அதிகாரியின் மேசைமேல் ஒரு கம்பிச் சுருளை வைத்தாள்.

"இதையும் வெச்சுக்கோங்க சார். வீட்டுல அடுப்புக்குப் பின்னால இருந்துச்சு."

"ஏம்மா அன்னிக்கே தரல?"

"அன்னிக்கு வீட்டுல அரிசி இல்ல சார். நீங்க சொன்ன சொல்லு மட்டும்தான் இருந்துச்சு."

அவர் சுருளைக் கையில் எடுத்தார். "இந்த ஒரு மாசத்துல இதை எங்கயாவது..." என்று ஆரம்பித்து அவளை நிமிர்ந்து பார்த்தார். காது இரண்டும் அதற்குள் சிவக்க ஆரம்பித்திருந்தன.

கேள்வியை அப்படியே விட்டுவிட்டார். சுருளைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. போய் வேலையப் பாருங்கம்மா."