ஏழு கொல்லைக்கும் ஒரே வழி

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவருடைய நற்குணங்களை மட்டும் சொல்லிக் கும்பிட்டு முடிக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் தப்பையும் சொல்லாமல் மனசு ஆறவில்லை.

திருவாரூர் பக்கம் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுத் துணி தைத்தே என்னை ஆளாக்கினார். தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகு நான் மஸ்கட் போனேன். தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்போது வெளிநாட்டில்தான். வீட்டுக்கு வீடு மாடி எழும்பியது. "நாமும் கொல்லையைச் சுற்றி மதில் எடுத்திடலாம்க்கா" என்று போனில் சொன்னேன். "அவசரப்படாதடா" என்றார்.

தபாலில் ஒரு காலண்டர் தாள் வந்தது. அதன் பின்பக்கம் எங்கள் வரிசையின் ஏழு கொல்லைகளையும் பென்சிலால் ஒன்றாக வரைந்திருந்தார். கொல்லைக் கடைசியில் ஓடும் வாய்க்காலை ஒட்டி யாரும் மதில் வைக்கக் கூடாது. ஒரு வீட்டில் குட்டை, ஒரு வீட்டில் நொச்சியும் நுணாவும், எங்கள் வீட்டில் யாரும் வெட்டாத புதர். ஆமை வரும் வழிக்குக்கூடக் கோடு போட்டிருந்தார். மெஷின் ஓய்ந்த மத்தியானங்களில் கொல்லைப் படியில் உட்கார்ந்து, இன்னும் வெட்டாத குட்டையின் மேல் தட்டான் பறப்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருப்பாராம். பைத்தியம் என்று நினைத்தேன்.

அடுத்த வீட்டு அம்மா கேட்டாராம்: "பாம்பு வந்தா யாருங்க பதில் சொல்றது?"

"மதில் இருக்கிற வீட்டுக்கும்தான் வருது. கீரிக்கு வழி விடுங்க, அது பாத்துக்கும்."

வீடு வீடாக டீ குடித்தே ஆறு வீட்டாரையும் சம்மதிக்க வைத்துவிட்டார். ஒரு லீவில் வந்து பார்த்தேன். அடேயப்பா! பச்சை வெளிச்சம் தரையெல்லாம் ஆடியது. குட்டையோரம் ஒரு ஆமை யாருக்கும் பயப்படாமல் நடந்தது. நானும் அதன் பின்னாலேயே நடந்தேன். கடைசி நாட்களில் அக்கா கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொல்லி, கொல்லையைப் பார்த்தபடியே படுத்திருந்தார்.

அவர் போன பிறகு காரியம் வந்தது. காரியத்துக்கு முன் கொல்லையைச் சுத்தம் செய்து அடுப்பு போடுவது நம் வழக்கம். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நானும் ஆள் விட்டேன். அடுத்த வீட்டு அம்மா ஓடி வந்தார்.

"தம்பி, என்ன காரியம் பண்றீங்க! உள்ள கானாங்கோழி அடை காக்குதே!"

அதற்குள் புதர் தரைமட்டம். நாலு முட்டை வெயிலில் கிடந்தன. வாய்க்காலுக்குள் ஓடிய கானாங்கோழி திரும்பவே இல்லை. அக்கா இறந்த அன்றைவிட அன்றுதான் அதிகம் அழுதேன்.

என்னை ஒரு வார்த்தை சொல்லாமல், அடுப்பைத் தெருவுக்குத் தூக்கி வேகாத வெயிலில் சமைத்துப் பரிமாறிய ஆறு வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுக்கும், தூரம் பாராமல் வந்த உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. இன்றைய திவசச் சாப்பாடும் தெருவில்தான். தயவுசெய்து யாரும் கொல்லைப் பக்கம் போக வேண்டாம். புதர் இப்போதுதான் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. கோழி இன்னும் வரவில்லை.

மன்னிச்சிடுக்கா.