கூரையில் தண்ணீர், கல்லாவுக்கடியில் பெட்ரோல்

தீயணைப்புச் சாதனம் பொருத்துகிறவனைப் பார்த்தால் கடைக்காரர்கள் உடனே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள், மணி அடித்திருக்காது. வராத ஒன்றுக்காக வேலை பார்க்கும் பிழைப்பு இது. நீங்களும் அப்படி ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டவர் என்றால் என் பாடு சொல்லாமலே புரியும்.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் தனபால் முதலாளி, கடைக்கு மேல் புதிதாக ஒரு மாடி எடுத்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. போளூர் வரை போஸ்டர் ஒட்டியாயிற்று. ஆனால் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கைக்கு வந்தால்தான் மாடியைத் திறக்க முடியும். அதற்காகக் கீழும் மேலும் கூரையில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை சிவப்பு சிலிண்டர் மாட்டியே காலம் தள்ளியவன் நான். சான்று வராவிட்டால் அவருக்குச் சீசன் போகும். எனக்கு இந்த ஊரில் இனி எவனும் வேலை கொடுக்க மாட்டான்.

குல்லா

குழாய் போட்டு முடித்து ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கூரையில் தண்ணீர் கொட்டும் மூக்கு ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் பையை மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பட்டுக்காரருக்கு நெருப்பைவிடத் தண்ணீர்தான் எமன். ஒரு சொட்டு விழுந்தாலும் புடவையில் திட்டு விழுந்துவிடும், அப்புறம் அதைத் தள்ளுபடியில்கூடத் தள்ள முடியாது.

ஏணியில் ஏறி, மூக்கில் இருக்கும் சின்னச் சிவப்புக் கண்ணாடிக் குமிழைக் காட்டினேன். சூடு ஏறினால்தான் இது உடையும், எங்கே சூடோ அங்கே இருப்பது மட்டும்தான் திறக்கும், தானாக ஒரு சொட்டும் வராது என்று தொண்டை வற்றச் சொன்னேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிங்க. நெருப்பு வந்தா தண்ணி ஊத்தி அணைச்சிக்கலாம். தண்ணி வந்தா இன்னாத்த ஊத்தி அணைக்கிறது?"

சிவப்புக் கோடு

ஒருவழியாகக் குல்லாவைக் கழற்ற வைத்தேன். அடுத்தது புடவை அடுக்கு. மூக்குக்குக் கீழே ஒன்றரை அடி காலியாக இருந்தால்தான் தண்ணீர் பரவும். ஆகவே சுவர் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். இதற்கு மேல் ஒரு புடவைகூட ஏறக்கூடாது என்று விற்பனையாளர் ஏழுமலையிடம் இரண்டு தபா சொல்லிவிட்டு வந்தேன். ஏழுமலை இருபது வருஷமாக அந்தக் கடையில் இருப்பவர், கடையில் முதலாளிக்கு அடுத்து அவர்தான்.

மறுநாள் போனால் கோட்டைக் காணவில்லை. அடுக்கு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோடு எங்கே என்று கத்தினேன். ஏழுமலை கொஞ்சமும் பதறவில்லை. "கோடு எங்கயும் போவல சார். பொடவைக்குப் பின்னாடி பத்திரமா கீது."

தாகம்

அன்றைக்கு அந்த அடுக்கை இறக்கவைத்ததில் எனக்கு நா வறண்டுவிட்டது. கல்லாவுக்கடியில் ஒரு தண்ணீர் பாட்டில் தெரிந்தது. எடுத்து மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோனேன். வாசனைதான் என்னைக் காப்பாற்றியது. புடவையில் எண்ணெய்க் கறை பட்டால் துடைக்க வைத்திருந்த பெட்ரோல். பக்கத்திலேயே சாமி படம், அதன் எதிரே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெட்ரோல் கடைக்குள்ளேயே இருக்கக்கூடாது, மூடி போட்ட தகர டின்னில் வெளியே தனியாக இருக்க வேண்டும், மேலே பெயர் எழுத வேண்டும் என்று குதித்தேன். முதலாளி என்னை உட்காரவைத்து, நிஜமான தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பெட்ரோல்னு எழுதி வச்சா வர்றவங்க பயந்துக்குவாங்கன்னுதானேங்க தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சிகினு கீறோம்."

மச்சானின் டிரம்

முதலாளியின் மச்சானுக்குச் சாயப்பட்டறை. அவர் பட்டறைக் கூரை ஒழுகுகிறது என்று நாலு டிரம்மைக் கொண்டுவந்து நம் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தவன் சட்டென்று மூடிவிட்டேன். ஹைட்ரோஸ். பழைய சாயத்தை வெளுக்கிற வெள்ளைத் தூள். மற்ற சரக்கெல்லாம் நெருப்புப் பட்டால் எரியும். இது ஈரம் பட்டாலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். நேர் மேலே நான் போட்ட குழாய்.

இந்த முறை நான் கத்தவில்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி துள்ளி எழுந்து மச்சானுக்குப் போன் போட்டு, ஜல்தியாக டெம்போ வரவழைத்து டிரம்மை ஏற்றினார். அப்பாடா, கடைசியில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். டெம்போ கிளம்பியதும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "பாத்தீங்களா? தண்ணி ஆவாது, தண்ணி ஆவாதுன்னு நான் மொதல்லேந்து சொல்லிகினேதான் கீறேன்!"

ஆய்வு

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தீயணைப்பு அலுவலர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பம்பை ஓட்டிப் பார்த்தார், தொட்டியை எட்டிப் பார்த்தார், மாடியில் அவசரக் கதவைத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் சரி. கல்லாவுக்கடியில் இருந்த பெட்ரோலும் அதற்குள் தகர டின்னில் ஏறி வெளியே போயிருந்தது. கீழ்த்தளத்துக்கு வந்து பேனாவைத் திறந்தார். அந்த நேரத்தில்தான் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்த தேவிகாபுரத்து அம்மா ஏழுமலையைக் கேட்டார், "அசல் பட்டுதானா? நூலக் கொளுத்திக் காட்டுங்க."

ஊர் வழக்கம் அது. முந்தானையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், அசல் பட்டு முடி கருகுகிற நாற்றம் அடித்துச் சாம்பலாக உதிரும். போலி உருகி உருண்டையாகும். இருபது வருஷப் பழக்கத்தில் ஏழுமலையின் கையில் லைட்டர் தானாக வந்துவிட்டது. அலுவலரின் பேனா நின்றது. ஏழுமலை லைட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்த அம்மா விடவில்லை. "இன்னா, கொளுத்த மாட்டீங்களா? அப்ப இது பட்டு இல்லியா?" பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். கொளுத்தினால் சான்று போகும். கொளுத்தாவிட்டால் கடையின் பெயரே போகும்.

தனபால் முதலாளி நூலை உருவினார், லைட்டரை வாங்கினார், வாசலைப் பார்த்து நடந்தார். அந்த அம்மா பின்னால் போனார், மற்ற வாடிக்கையாளர்கள் போனார்கள், ஏழுமலை போனார், நானும் அலுவலரும் போனோம். வண்டி நிறுத்துகிற இடத்தில், தீப்பிடித்தால் எல்லோரும் வந்து நிற்பதற்காக "ஒன்றுகூடும் இடம்" என்று நான் மாட்டியிருந்த பலகைக்குக் கீழே நின்று நூலைக் கொளுத்தினார். முடி கருகும் நாற்றம் வந்தது. சாம்பலை அந்த அம்மா உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்து, "பட்டுதான்" என்றார். முதலாளியின் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

அலுவலர் பலகையை அண்ணாந்து பார்த்தார். கீழே நின்ற எங்கள் கும்பலைப் பார்த்தார். ஒரு மோட்டார்பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நானும் எத்தினியோ கட்டடத்துல இந்தப் போர்ட பாத்துட்டேன். ஜனங்க நெஜமாவே வந்து கூடி இன்னிக்குதாங்க பாக்கறேன்."

கூரை முழுக்க அத்தனை குழாய் போட்டுக் கொடுத்தும், அந்தக் கடையில் இன்றைக்கும் தினமும் நூல் கொளுத்தப் பயன்படுவது நான் போகிறபோக்கில் மாட்டிவிட்டு வந்த அந்தத் தகரப் பலகை ஒன்றுதான்.